பாடம் வீட்டுக்கு, சந்தேகம் வகுப்புக்கு

2020 நவம்பர். மழை விட்டும் தூவானம் விடாத ஒரு சாயங்காலம். நீலகிரியின் வெலிங்டனுக்கு மேலே எஸ்டேட் ரோடு திரும்பும் வளைவில், குடைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் ஒரு சிறுமி. ஆறாம் வகுப்பு. மடியில் நோட்டு, காதோரம் அப்பாவின் போன். அந்த வளைவைத் தாண்டிக் கீழே இறங்கினால் டவர் கிடைக்காது. எந்தப் பாறைமேல் ஏறினால் எத்தனை புள்ளி வரும் என்பது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்போது மனப்பாடம்.

ஆன்லைன் வகுப்பா என்று கேட்டேன். இல்லையாம்; அதற்கான டேட்டா காலையிலேயே தீர்ந்துவிட்டது. டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நான்கு நிமிட வாய்ஸ் நோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னக் கூட்டல். இறக்கியாகிவிட்டதே, வீட்டுக்குள் போய்க் கேட்கலாமே என்றால், தம்பி கார்ட்டூனுக்காகப் பிடுங்கிக்கொள்வானாம்.

“எத்தனாவது தடவை கேக்கறே கண்ணு?”

“ஏழு சார்.”

“டீச்சர்கிட்டயே போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?”

“ரெண்டாவது தடவ கேட்டா வெக்கமா இருக்கும் சார். போனுக்குக் கோவமே வராது.”

முப்பதாண்டுகள் கரும்பலகை முன்னால் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்றாவது முறை அதே கேள்வியைக் கேட்ட பிள்ளையிடம் எரிந்து விழுந்ததும் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயே திறந்திருக்காது. நானும் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பேன். அந்த வளைவில் எனக்கு வந்த முதல் எண்ணம் பெருமைப்படும்படியானது அல்ல: இந்த ஒரு விஷயத்தில் போன் என்னைவிட நல்ல வாத்தியார்.

கதை அதோடு முடிந்திருந்தால் ஆன்லைனுக்கு வாழ்க சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதங்களுக்கு மேல். திறந்த வாரத்தில், கொஞ்சம் கைகொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவள் பள்ளிக்குப் போயிருந்தேன். அவள் அப்போது ஏழாம் வகுப்பு. அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். பலகையில் போய் ஆறில் இரண்டு என்று எழுதினாள். மேல் எண்ணோடு மேல் எண், கீழ் எண்ணோடு கீழ் எண். ஏழு தடவை கேட்டவள்!

டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. பையிலிருந்து டீக்குக் கொண்டுவந்திருந்த வர்க்கியை எடுத்தார். ஊட்டி வர்க்கியைச் சரிபாதியாக உடைப்பது யாராலும் முடியாத காரியம். மேஜை முழுக்கத் தூள். எப்படியோ ஒரு பாதியை அவள் கையில் வைத்தார். இன்னொரு பாதியை மறுபடி உடைத்து, அதில் ஒரு துண்டையும் வைத்தார். “இப்ப உங்கிட்ட அதிகமாச்சா, கொறஞ்சுதா?” அதிகமாயிற்று என்றாள். “நீ எழுதியிருக்கிற ஆறில் ரெண்டு எவ்வளவு? மூணுல ஒரு பங்கு. அரையவிடச் சின்னது. கால் துண்டு கூடக் கொடுத்தும் கொறஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கியே?” அவள் பலகையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். அழித்துவிட்டு நான்கில் மூன்று என்று எழுதினாள். வகுப்பில் இன்னும் நாலைந்து பேர் ஓசைப்படாமல் தங்கள் நோட்டில் எதையோ அழித்ததையும் கவனித்தேன்.

வாய்ஸ் நோட்டால் ஏழு முறை சொல்ல முடிந்தது. அவள் எந்த இடத்தில் வழுக்கினாள் என்று பார்க்க முடியவில்லை. திரும்பச் சொல்வது கருவியின் வேலை. வழுக்கிய இடத்தைக் கண்டுபிடிப்பது மனிதரின் வேலை. வகுப்பறையையும் இணையத்தையும் இணைக்கும் ‘கலப்புமுறைக் கற்றல்’ பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. இந்த வேலைப் பிரிவினையைச் சரியாகச் செய்தால் அது பலிக்கும், மாற்றிச் செய்தால் பிள்ளைதான் கெடும் என்பது என் கட்சி. நாம் பெரும்பாலும் மாற்றித்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

சரியாகச் செய்வதைப் பார்க்க வெலிங்டன்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. முப்படை அதிகாரிகளின் பணியாளர் கல்லூரி, ஊர்வாயில் ‘ஸ்டாஃப் காலேஜ்’, இங்கேதான் இருக்கிறது. 1905இல் தேவலாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போய், 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியப் பங்கு இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே படிக்க வருபவர்கள் ஏற்கெனவே பல ஆண்டுகள் சேவை செய்த அதிகாரிகள். முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் உண்டு. பெரிய அரங்கில் சொற்பொழிவுகள் நடக்காமல் இல்லை. ஆனால் இத்தகைய கல்லூரிகளின் உயிர் ‘சிண்டிகேட்’ என்ற சிறு குழுவில் இருக்கிறது. படிக்க வேண்டியதை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபின் கேள்வி, வாதம், மறுப்பு. பயிற்றுவிக்கும் அதிகாரி பெரும்பாலும் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இணையம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்த முறை இது. தனியாகச் செய்யக்கூடியதைத் தனியாக, கூடிச் செய்ய வேண்டியதைக் கூடி.

இதையே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியதும் ஒரு மலையூர்ப் பள்ளிதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு எட்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது உட்லண்ட் பார்க். நம் ஊட்டியைவிட உயரம். விளையாட்டுப் போட்டிக்கும் மற்றதற்கும் பிள்ளைகள் வெகுதூரம் மலையிறங்கிப் போய்வர வேண்டியிருந்ததால் வகுப்புகள் தவறிக்கொண்டே இருந்தன. ஜொனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007இல் தங்கள் பாடங்களைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினார்கள். வராத பிள்ளைகளுக்காகச் செய்ததை வந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். அப்படியானால் வகுப்பில் நின்று அதையே ஏன் மறுபடி சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. பாடத்தை வீட்டில் கேட்பது, வீட்டுப்பாடத்தை வகுப்பில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது என்று மாற்றினார்கள். ‘தலைகீழ் வகுப்பறை’ என்று உலகம் முழுக்கப் பரவியது இதுதான். அவர்கள் பதிவு செய்தது தங்கள் சொந்தக் குரலை, தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு. பரவும்போது பல இடங்களில் உதிர்ந்துபோனது இந்தச் சின்ன விவரம்தான்.

தமிழ்நாட்டில் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011இல் விலையில்லா மடிக்கணினி. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. பெரிய பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள். அண்மை ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 23 ஆயிரம் திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்குக் கைக்கணினிகள். 2023இல் மணற்கேணி செயலி. பல மாநிலங்கள் இன்னும் பேச்சளவிலேயே நிற்கும்போது இது சாதாரணமல்ல.

இவற்றில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வகுப்பறைக்குள். ஆசிரியர் நிற்கும் அதே சுவரில். அங்கே திரையில் காணொளி ஓடும்போது ஆசிரியர் ஓரமாக நிற்கிறார். பிள்ளையின் வழுக்கலைப் பார்க்க வேண்டிய கண்களும் திரையையே பார்க்கின்றன. மாலை நான்கரைக்குப் பள்ளியைப் பூட்டினால் திரையும் உள்ளே பூட்டப்படுகிறது. பிள்ளை வெறுங்கையோடு லைன் வீட்டுக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகும்படி இருந்த ஒரே கருவி மேல்நிலை மாணவரின் மடிக்கணினி. அதுவும் பெருந்தொற்றை ஒட்டிய ஆண்டுகளில் தடைப்பட்டுப் போனது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் பேருக்குக் கருவி தருவதாகச் சொன்னது கல்லூரி மாணவர்களுக்கு.

திரையை எங்கே வைப்பது என்பது ரசனை சார்ந்த கேள்வி அல்ல. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் கியான் ஷாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் கணினிவழிக் கணிதத்தை இரண்டு விதமாகக் கொடுத்து, லீ லிண்டன் என்ற பொருளியலாளர் 2008இல் முடிவை எழுதினார். ஒரு சாராருக்குப் பள்ளி நேரத்தில், ஆசிரியர் சொல்லித்தரும் நேரத்தைக் குறைத்து. இன்னொரு சாராருக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாக. மென்பொருள் ஒன்றுதான். முதல் சாரார் மதிப்பெண்ணில் கீழே போனார்கள், அதுவும் கணிசமாக. இரண்டாவது சாரார் ஏறினார்கள். ஆசிரியர் இருந்த இடத்தில் உட்கார்ந்தபோது கெடுத்த அதே கணினி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது கொடுத்தது.

பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவர் சகாக்களும் டெல்லியில் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மையத்துக்கு வருவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரோடு. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு அளவுக்குக் கணிதத்தில் பின்தங்கியிருப்பது அந்த மென்பொருளின் சோதனையில் தெரிந்தது. ஒரே வகுப்பில் மூன்றாம் வகுப்புக் கணக்கும் ஆறாம் வகுப்புக் கணக்கும் தேவைப்படும் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒற்றை ஆசிரியர் எவர் மட்டத்துக்கு நடத்துவார்? மென்பொருள் அவரவர் மட்டத்தில் தொடங்கியது. நாலரை மாதத்தில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைக் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முந்திவிட்டார்கள்.

நம் ஊர் அனுபவம் இதைவிட நெருக்கமானது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் எந்தச் செயலியும் நாயகன் இல்லை. அந்தந்தத் தெருவிலேயே படித்த ஒரு பெண், சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்று உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. 2021 டிசம்பரில் கணிதத்தில் ஏற்பட்டிருந்த பின்னடைவு மொழிப்பாடத்தில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால்வாசி, சரியாகச் சொன்னால் 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். வீட்டருகே ஒரு மனிதர் இருந்தால் போதும், இவ்வளவு நடக்கிறது. நெருக்கடி தணிந்ததும் அதன் வீச்சைக் குறைத்துக்கொண்டோம். என் கணக்கில் அது தவறு.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டது: உயர்கல்வியில் ஒரு பாடத்தின் 40 சதவீதம் வரை இணையவழி, மீதி நேரில். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. நாற்பது என்ற எண்ணில் தப்பில்லை. அது யாருடைய நாற்பது என்பதில்தான் வில்லங்கம். பாடம் கேட்பதை வீட்டுக்கு அனுப்பி, மிச்சமான நேரத்தில் பிள்ளையோடு உட்கார ஆசிரியருக்கு இடம் கொடுத்தால் அது கல்வி. நாற்பது சதவீதம் இணையத்தில் போய்விட்டதே, நாற்பது சதவீத ஆசிரியர் எதற்கு என்று கேட்டால் அது கணக்குப்பிள்ளை வேலை. இந்த இரண்டாவது கணக்கு பள்ளிகளுக்கும் இறங்கினால் மலைப்பள்ளிகள்தான் முதலில் இரையாகும். ஈராசிரியர் பள்ளிக்கு ஒரு திறன்மிகு பலகையைக் கொடுத்துவிட்டு, காலியிடத்தை நிரப்பாமல் விட்டால் கேட்க ஆள் இருக்காது.

ஆசிரியர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றியே பாதி நாள் போகிறது என்று புலம்பாத அரசுப் பள்ளி ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அவரிடம் போய் வாய்ஸ் நோட்டும் பேசி அனுப்புங்கள் என்றால் அடிக்க வருவார். நியாயம்தான். ஒன்றைச் சேர்க்கும்போது ஒன்றைக் கழிக்கத் தெரியாத நிர்வாகம் கணக்கில் அந்தச் சிறுமியைவிட மோசம்.

நீலகிரியில் இந்த வேலைப் பிரிவினைக்கு ஒரு தனி அவசரம் உண்டு. சமவெளியில் மழை விடுமுறை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இங்கே அது காலண்டரில் விழும் ஓட்டை. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கத்துக்கு அடி விழுவது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில். 2009 நவம்பர் மண்சரிவுகளில் இந்த மாவட்டம் 40க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரு பாதி காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலும் மறு பாதி அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலும் பள்ளி நாட்களை இழக்கிறது. பிறகு சனிக்கிழமைகளில் அவற்றை ஈடுகட்டுகிறோம். களைத்த பிள்ளை, களைத்த ஆசிரியர், ஓடும் பாடம்.

மழை நாளில் நேரலை வகுப்பு என்பது இங்கே ஏட்டுச் சுரைக்காய். காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில் போகும். கல்வித் தொலைக்காட்சியும் அதே வயரில்தான் வருகிறது. மலைக்குப் பொருந்துவது முன்கூட்டியே கையில் சேர்ந்துவிடும் பாடம். கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள்களை ஒரு சின்னக் கணினிப் பெட்டியில் போட்டு வைத்தால், இணையமே இல்லாத பள்ளியிலும் வளாகத்துக்குள் பாடங்கள் வைஃபையில் கிடைக்கும். வீட்டுப் போனைப் பெற்றோர் ஒரு நாள் கொண்டுவந்து காட்டினால் அந்த மாதத்துப் பாடம் ஏறிவிடும். போன் இல்லாத வீட்டுக்கு மெமரி கார்டோடு ஒரு கைக்கணினியைப் பள்ளி நூலகத்துப் புத்தகம்போல இரவல் கொடுக்கலாம். ஹட்டி எனப்படும் படகர் ஊர்களின் சமுதாயக்கூடமும் எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகமும் சாயங்காலத்தில் சும்மாதான் கிடக்கின்றன. அங்கே ஒரு தன்னார்வலரும் ஒரு விளக்கும் போதும்.

ஏற்ற வேண்டிய பாடம் எது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. சென்னை ஸ்டுடியோவில் மேக்கப் போட்டு எடுத்த அரை மணி நேரக் காணொளியைவிட, அந்தப் பள்ளி டீச்சர் இருமிக்கொண்டே பேசிய நான்கு நிமிடம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. வீட்டில் படகமோ பணியர் மொழியோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்குப் பாடநூல் தமிழே ஒரு படி தள்ளித்தான் நிற்கிறது. தெரிந்த குரல் அந்தப் படியைத் தாண்ட வைக்கும். நல்ல காணொளிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூமி சுற்றுவதையும் இதயம் துடிப்பதையும் எந்த வாத்தியாரும் கையால் காட்டிவிட முடியாது. அவற்றைப் பொறுக்கி எடுத்து, முன்னும் பின்னும் தன் குரலில் நாலு வார்த்தை சேர்க்க ஆசிரியருக்கு விட்டுவிடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். குன்னூர், கோத்தகிரி வட்டங்களுக்குச் செப்டம்பர் கடைசிக்குள்ளும், கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மே கடைசிக்குள்ளும் ஒவ்வொரு அரசுப் பள்ளியும் பத்து மழை நாட்களுக்கான பாடத்தைப் பிள்ளைகள் கையில் சேர்த்துவிடட்டும். அதற்காக ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கி, அதே அளவுக்கு எமிஸ் வேலையைக் குறைக்கட்டும். மழை விட்டுப் பள்ளி திறக்கும் முதல் நாள் புதுப் பாடம் வேண்டாம். அன்று முழுக்கப் பிள்ளைகள் பலகையில் எழுதட்டும், டீச்சர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். வர்க்கிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.